ஞானத்தகப்பனின் சுவர்

அத்தியாயம் பதினெட்டு

சென்ற வாரம் மிக்டாலியாவைக் கையில் தொலைபேசியோடு சமையலறையில் விட்டுவிட்டு வந்தோம். நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்து, மகளுடைய அறைச் சுவர் ஒழுகுவதைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தாள். பதினான்கு மாதமாகச் செய்யாததைச் செய்துவிட்டு, ஏதோ திருடியவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

காரணம் நெஃப்தலி. அமெரிக்காவில் ஹோலியோக் நகரத்தில் கால்வாயை ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். குழாய், பூட்டு, கொதிகலன், வாசலில் பனி வாருவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்காகக் கீழ்த்தளத்தில் வாடகையில்லாமல் ஒரு வீடு. இதையெல்லாம் விட முக்கியம், மிக்டாலியாவின் மகள் யாரியெலிஸுக்கு அவர் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்திய நாளிலிருந்து அவர் இவளுக்குக் கொம்பாத்ரே, இவள் அவருக்குக் கொம்மாத்ரே. எங்கள் போர்ட்டோ ரீக்கோ ஆட்களுக்கு அந்த உறவு கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். கூடப்பிறந்தவனோடு சொத்துக்குச் சண்டை போடலாம். கொம்பாத்ரேயிடம் குரலைக்கூட உயர்த்தக் கூடாது.

அப்படிப்பட்ட மனிதர் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தைப் பற்றி அரசாங்கத்திடம் புகார்!

ஆனால் ஏழு வயது மகள் நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மூச்சிரைப்பு. நாளை மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "அந்த அறையில் படுக்க வைத்தால் ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவருவீர்கள்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பூஞ்சை நெடி கூடம் வரைக்கும் வந்துவிட்ட வீட்டில் வேறு எங்கே படுக்க வைப்பது? மிக்டாலியா முந்தின இரவு முழுக்க யோசித்தாள். விடிந்ததும் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

எஃப்ராயின் அப்போதுதான் கிடங்கு வேலைக்குப் போட்டுப்போகும் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலோடு நின்றுவிட்டான்.

"யாருக்குப் போன் பண்ணினே?"

"சுகாதாரத் துறைக்கு. ஒன்பது மணிக்கு ஆள் வராங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவே? 'கொம்பாத்ரே பாத்துப்பார், கொம்பாத்ரே பாத்துப்பார்.' பதினாலு மாசமா அவர் பாத்துக்கிட்டே இருக்கார், எஃப்ராயின். சுவரும் அவரைப் பாத்துக்கிட்டே இருக்கு."

"அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"உன் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கிறேன்னு கேளு முதல்ல."

அவன் அவளைப் பார்க்கவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இன்னைக்கு வேணாம்னு சொல்லிரு. சனிக்கிழமை நானே அந்தச் சுவரைப் பாத்துடறேன்."

"நீயா?" மிக்டாலியாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "குழாய்ல வாஷர் மாத்தச் சொன்னதுக்குக் குளியலறையவே குளமாக்கின ஆளு நீ. பேசாம வேலைக்குப் போ. பதினோரு மணிக்கு வந்துரு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் போனான். காபியைக் குடிக்காமலேயே போனான். அவள் அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மிக்டாலியா செய்த காரியத்தை எங்கள் பெண்கள் மட்டும்தான் செய்வார்கள். சுவரின் கேவலத்தைக் காட்டத்தானே ஆளை வரவழைத்திருக்கிறாள்? அதே சுவரைப் பிளீச்சிங் ஊற்றித் தேய்தேயென்று தேய்த்தாள். தரையைத் துடைத்தாள். கட்டிலுக்கு நல்ல விரிப்பு போட்டாள். அடுப்பில் பால் காபியும் தயார். வீட்டுக்கு ஒரு ஆள் வரும்போது அழுக்கைக் காட்டுவதா? எட்டே முக்காலுக்கு அந்தச் சுவர் பதினான்கு மாதத்தில் இல்லாத அளவுக்குப் பளபளத்தது.

ஆய்வாளர் கோவல்சிக், ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. காலில் பனி பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த படிவக்கட்டு. அறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"பிளீச்சிங் போட்டீங்களா?"

"ஆமா. காலைலதான்."

"ஏம்மா? நான் பாக்க வந்ததையே நீங்க துடைச்சு வெச்சா நான் எதை எழுதறது?"

"ஆள் வராங்கன்னா வீட்டை அப்படியே போட்டு வைப்பேனா? எங்கம்மா கேட்டா செருப்பால அடிப்பாங்க."

கோவல்சிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனாலும் நல்ல மனுஷி. "எங்க அம்மாவும் போலந்துலேர்ந்து வந்தவதான். இன்ஸ்பெக்டர் வந்தா கேக் சுடுவா" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஊசி முனை வைத்த, ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் அழுத்தினார். அது கீச்சென்று கத்தியது. மேலே வைத்தார், கத்தியது. மூலையில் வைத்தார், இன்னும் பலமாகக் கத்தியது.

"மேலாக்கத் துடைச்சிருக்கீங்க. உள்ளே குளம் நிக்குது. ஒரு குழந்தை இங்கயா படுக்குது?"

"ஏழு வயசு. இப்ப ஆஸ்பத்திரில. நாளைக்கு மதியம் வரா."

கோவல்சிக் அதையும் எழுதினார். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"இந்த அறை ஆள் தங்க லாயக்கில்லைன்னு இப்பவே உத்தரவு போட்டுடறேன். சுவரைச் சரிபண்ற வரைக்கும் உங்களுக்கு வேற இடம் குடுக்கணும், இன்னைக்கு ராத்திரிலேர்ந்தே. அது வீட்டுக்காரங்க பொறுப்பு."

மிக்டாலியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சுலபமா? ஒரு போன், ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதானா? இதற்காகவா பதினான்கு மாதம் அந்தக் குழந்தையை இருமவிட்டேன்?

"ரெண்டு மூணு கேள்வி இருக்கு. சுவருக்குக் கடைசியா எப்ப வண்ணம் அடிச்சது?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர்ல. எங்கப்பா போர்ட்டோ ரீக்கோ தீவுல இறந்துட்டார். நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா சுவரெல்லாம் ரோஸ் கலர். என் புருஷன் பொண்ணுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு அடிச்சு வெச்சிருந்தார்." சொல்லும்போதே அவள் முகம் இளகியது. அப்பா போன துக்கத்தில் வந்தவளை அந்த ரோஸ் சுவர்தான் அன்று தேற்றியது. "கிறிஸ்துமஸுக்குள்ள முதல் கறை வந்துருச்சு."

"உங்க வீட்டு ஆள் யாராவது குழாய்லயோ சுவருக்குள்ளயோ கை வெச்சாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. குடியிருக்கிறவங்க கை வெச்சிருந்தா வீட்டுக்காரங்க பொறுப்பில்லைன்னு கழண்டுப்பாங்க. என் உத்தரவும் நிக்காது."

"என் புருஷனா? ஆணி அடிக்கச் சொன்னாலே விரல்ல அடிச்சுப்பார்."

"அப்ப இல்லைன்னு இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

"கடைசிக் கேள்வி. வீட்டுக்காரங்களுக்கு எப்பத் தெரியப்படுத்தினீங்க? கடிதம், மெசேஜ், எதாவது?"

"கடிதமா?" மிக்டாலியாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவர் எங்க கொம்பாத்ரே. கீழ்வீட்டுல இருக்கார். இந்த மேஜைல உக்கார வெச்சுக் காபி ஊத்திக் குடுத்துச் சொல்லுவேன். பாக்கெட்டுலேர்ந்து நோட்டை எடுத்து எழுதிப்பார். ஆபீஸுக்குச் சொல்லிட்டேன், கொம்மாத்ரே, வந்துருவாங்கம்பார். அவருக்குப் போய்க் கடிதம் போட்டா, நான் உன்னை நம்பலேன்னு முகத்துல காறித் துப்பின மாதிரி."

கோவல்சிக் பேனாவை மூடினார். பிறகு பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தார்.

"வர்றதுக்கு முன்னாடி வழக்கமா வீட்டுக்காரங்க ஆபீஸ்ல பழைய பதிவுகளைக் கேப்போம். காலைல இதை அனுப்பியிருக்காங்க. நீங்களே படிங்க."

மூன்றும் ஒரே மாதிரிப் படிவம். மேல் மாடிக் குளியலறையிலிருந்து இறங்கும் குழாயைப் பார்க்க ஆபீஸ் பிளம்பரை அனுப்பியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. போன வருஷம் மார்ச் பதினொன்று, ஜூன் நான்கு, அக்டோபர் இரண்டு. மூன்றின் அடியிலும் ஒரே வரி: குடியிருப்பவர் உள்ளே விட மறுத்துவிட்டார். அந்த வரிக்குக் கீழே கையெழுத்து.

நெஃப்தலியின் கையெழுத்து. யாரியெலிஸின் ஞானஸ்நானப் பதிவில் மிக்டாலியா பார்த்த அதே சுழி.

மார்ச் பதினொன்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தைக்கு நூற்றிரண்டு காய்ச்சல். பள்ளிச் சமையலறை வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். மதியம் கதவு தட்டியது. நெஃப்தலி. கையில் அவர் மனைவி கொடுத்தனுப்பிய துவரைச் சோறு. "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு, கட்டிலருகே உட்கார்ந்தார். குழந்தை அரைக் கண்ணைத் திறந்து, "ஆசீர்வாதம் குடுங்க, ஞானப்பா" என்று கேட்டது. "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கண்ணு" என்று நெற்றியில் கை வைத்தார்.

பிளம்பரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு மாடியேறி வந்திருக்கிறார். அதே கை.

"நான் யாரையும் மறுக்கல" என்றாள் மிக்டாலியா. "யாரும் வரவே இல்ல. சத்தியமா யாரும் வரல."

"நம்பறேன். ஆனா நான் நம்பறது போதாது. அவரைக் கூப்பிடுங்க. சுவரைத் திறக்கிற உரிமை எனக்குக் கிடையாது, அவருக்குத்தான் உண்டு."

நெஃப்தலி கருவிப் பெட்டியோடு வந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்ணைப் பார்த்ததுமே அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் சிரித்தார்.

"என்ன கொம்மாத்ரே, வீட்டுல விசேஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பதினாலு மாசம் சொன்னேனே, கொம்பாத்ரே. நோட்டுல எழுதிக்கிட்டீங்களே. எங்க அந்த நோட்டு?"

"கீழ இருக்கும்."

"மார்ச் பதினொண்ணு நான் உங்களுக்குக் கதவு திறந்தேனா, இல்லையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்க. நான் குடுத்த காபியைக் குடிச்சீங்களா, இல்லையா? அன்னைக்கு என் பொண்ணு தலைல கை வெச்சீங்களா, இல்லையா?"

"வெச்சேன்."

"அப்புறம் கீழ போய் நான் கதவைத் திறக்கலேன்னு எழுதினீங்க."

"கொம்மாத்ரே, வெளியாளுக்கு முன்னாடி வேணாம்..."

"யார் வெளியாளு? இவங்க வந்து அரைமணி ஆகல. என் பொண்ணு எங்க படுப்பான்னு கேட்டாங்க. நீங்க ஒரு நாள் கேட்டீங்களா? நாலு நாளா மூக்குல குழாயோட கிடக்கிறாளே, அவளைப் பாக்கப் பலூன் வாங்கிட்டு வந்தீங்களே, அந்தப் பலூனைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா தெரியுமா? எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

நெஃப்தலி கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். அழுதுவிடுவார் போல இருந்தது. அதைப் பார்த்து மிக்டாலியாவுக்கு இரக்கம் வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது.

"நான் பொய் சொன்னது நெஜம்" என்றார் மெல்ல. "ஆனா எனக்காக மட்டும் சொல்லல, கொம்மாத்ரே."

"வேற யாருக்காக? அடுத்த தெருக்காரனுக்காகவா?"

அவர் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

கோவல்சிக் இடையில் வந்தார். "இந்த மூலையில ஒரு சின்னத் துண்டு மட்டும் வெட்டி எடுங்க. குழாயைப் பாத்துட்டு நான் கிளம்பறேன்."

"ரம்பம் கீழ இருக்கு. அதோட, ஆபீஸ்ல கேக்காம..."

"உத்தரவு என் கையில இருக்கு. நான் கேட்டுக்கறேன்."

"நாளைக்குக் காலைல செய்யறேன், மேடம். ஒழுங்கா, சுத்தமா..."

"நாளைக்கா!" மிக்டாலியா கத்தினாள். "நாளைக்கு மதியம் என் பொண்ணு வரா!" என்று சொல்லிக்கொண்டே ஆத்திரத்தில் சுவரில் ஓங்கி அறைந்தாள்.

கை உள்ளே போய்விட்டது.

வலிக்கக்கூட இல்லை. மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. உள்சுவர் செங்கல் அல்ல, மரச்சட்டத்தில் பொருத்திய சுண்ணாம்புப் பலகைதான்; அது காபியில் ஊறிய ரொட்டியைப் போலப் பிய்ந்து, முறம் அளவுக்கு ஒரு துண்டு அவள் காலடியில் தொப்பென்று விழுந்தது. வெளிப்பக்கம் ரோஸ். உள்பக்கம் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அந்த நாற்றத்தை எழுதி உங்கள் காலைக் காபியைக் கெடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கோவல்சிக் மூக்கைப் பொத்திக்கொண்டு டார்ச்சை அடித்தார்.

குழாய் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கட்டு. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி, அதற்கும் மேல் கம்பி முறுக்கியிருந்தது. கட்டிலிருந்து சொட்டு சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது பிளம்பர் செஞ்ச வேலை இல்ல" என்றார் கோவல்சிக். நெஃப்தலியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா?"

நெஃப்தலி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆக, இதுதான் விஷயமா? பிளம்பர் உள்ளே வந்தால் இந்தக் கட்டு வெளியே வரும். வேலை போகும், வீடு போகும். அதற்காக என் குழந்தையின் மூச்சை அடகு வைத்தாரா இந்த மனிதர்? மிக்டாலியாவுக்கு உடம்பு கொதித்தது. ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? குற்றவாளி நிற்கிறான், கட்டு தெரிகிறது, அரசாங்க ஆள் சாட்சி. இனி உத்தரவை யாரும் அசைக்க முடியாது. மகளுக்கு நாளை படுக்க ஒரு நல்ல இடம் கிடைத்துவிடும். கொம்பாத்ரே போனால் போகட்டும்.

டார்ச் வெளிச்சம் குழாயை விட்டுப் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தது. சுவரைத் தாங்கும் மரக்கட்டை. அங்கே பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது.

சுவரை மூடுவதற்கு முன் உள்ளே பேரும் தேதியும் எழுதுவது எங்கள் ஆட்களின் பழக்கம். கை வேலை செய்தவன் எல்லாம் செய்வான். என்றோ ஒருநாள் எவனோ திறந்து பார்த்து, அட, நல்ல வேலைக்காரன் என்று சொல்லட்டுமே என்ற ஆசை.

கோவல்சிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஸ்பானிஷ் அவருக்கு அரைகுறை.

"நவம்பர் பதினாறு... நெஃப்தலியும்... எஃப்ராயினும்... இனி ஒரு சொட்டு ஒழுகாது."

மிக்டாலியா குனிந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியின் மேல் எஃப்ராயின் எழுதி ஒட்டியிருக்கும் மருந்து நேரப் பட்டியலில் இருக்கும் கையெழுத்துத்தான் அது. அந்த வளைந்த ஃப், அந்தச் சாய்ந்த தேதி.

நவம்பர் பதினாறு, அவள் தீவில் அப்பாவுக்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த நாள். அன்று இரவு எஃப்ராயின் போனில், "சீக்கிரம் வா, உனக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்" என்றான்.

அவனுக்குத் தெரியும். இந்தப் பதினான்கு மாதமும் தெரியும். குழந்தை இருமும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தானே, அப்போதும் தெரியும். சனிக்கிழமைதோறும் அவள் மண்டியிட்டுச் சுவரைத் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று வாளி பிடித்தானே, அப்போதும் தெரியும். கொம்பாத்ரேயைத் தொந்தரவு பண்ணாதே, பண்ணாதே என்று சொன்னதெல்லாம் மரியாதைக்காக அல்ல.

நெஃப்தலி அவளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. யாருக்காகக் கெஞ்சுகிறது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

வாடகை ஒப்பந்தம் மிக்டாலியாவின் பேரில். எஃப்ராயின் என்ற பேர் கோவல்சிக்கின் தாள்கள் எதிலும் கிடையாது. படிவக்கட்டின் மேல்தாளில் அவள் கையெழுத்து இன்னும் மை காயாமல் இருந்தது. என் வீட்டார் யாரும் இந்தச் சுவருக்குள் கை வைக்கவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் உத்தரவு நிற்கும், நாளைக்கு மகளுக்கு இடம் நிச்சயம். உள்ளதைச் சொன்னால் எதுவும் நிச்சயமில்லை. ஒரு வார்த்தைதான். பதினான்கு மாதமாக அவளைச் சுற்றி இருந்த இரண்டு ஆண்களும் எத்தனை சுலபமாகச் சொன்னார்கள்.

"இந்த எஃப்ராயின் யாரு?" கோவல்சிக் பேனாவைத் திறந்தபடி கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

கூடத்தில் கதவு திறந்தது. பதினோரு மணிக்கு வரவேண்டியவன் பத்துக்கே வந்துவிட்டான். பூட்ஸ் சத்தம் நேராக அந்த அறையை நோக்கித்தான் வந்தது. கதவருகே வந்ததும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், மூச்சு வாங்க அவன் குரல் மட்டும் முந்திக்கொண்டு வந்தது.

"கொம்பாத்ரே! சுவரைத் திறக்க விட்டுடாதே!"

மிக்டாலியா சுண்ணாம்பும் கறுப்புமாக இருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சவர்னுதான் நினைச்சேன், மேடம்" என்றாள். "இதோ வந்துட்டார். நீங்களே கேட்டுக்கங்க."